ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் சிரிப்பவள்

அலுவலகத்தில் அவளுக்குக் கருத்துக்காரி என்று பெயர். பழைய திரைப்படங்களையும் ஆவணப்படங்களையும் தேடிப்பிடித்து, தூசி தட்டி, கீறல் நீக்கி, வீட்டில் உட்கார்ந்து பார்க்கும்படி டிஸ்க்காகவும் இணையத்திலும் வெளியிடுகிற சின்ன நிறுவனம் அது. மொத்தமே பதினான்கு பேர். பார்த்தவர்கள் எழுதி அனுப்பும் கருத்துகளை ஒன்று விடாமல் படித்து, வசவு இருந்தால் நிறுத்திவைத்து, மற்றதையெல்லாம் நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் ஏற்றுவது அவள் வேலை. ஒன்பது வருடமாகச் செய்கிறாள். ஒரு நாளும் அலுத்ததில்லை.

எப்படி அலுக்கும்? துப்பறியும் படம் ஒன்றுக்கு ஒருவர் எழுதியிருந்தார்: "கொலைகாரன் யார் என்று அட்டையிலேயே படம் போட்டுவிட்டீர்கள். மிச்சமிருக்கிற ஒன்றரை மணி நேரம் நான் என்ன செய்வது?" எடுத்துப் பார்த்தால் உண்மைதான். அட்டையில் கத்தியோடு நிற்பவன் சாட்சாத் அவனேதான். பனிப் பிரதேசத்துப் பறவைகளைப் பற்றிய ஆவணப்படத்துக்கு ஒரு மருமகள் எழுதியது: "மாமியார் இரண்டு தடவை பார்த்தார். இரண்டு தடவையும் வாயே திறக்கவில்லை. ஐந்து நட்சத்திரம்." ஒரு சோகப் படத்துக்கு வந்தது இது: "கதாநாயகி சாக இவ்வளவு நேரமா? நான் மாடிக்குப் போய் துணி காயப்போட்டுவிட்டு வந்தேன். அப்போதும் பேசிக்கொண்டுதான் இருந்தாள்."

இவர்களெல்லாம் யார், எந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறார்கள், பக்கத்தில் யார் என்று அவளுக்கு யோசனை ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டில் கணவரிடம் சொல்வாள். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். "படம் பாக்கிறதைவிட நீ சொல்றதைக் கேக்கிறது நல்லா இருக்கு" என்பார்.

அந்த வருடம் அவர்கள் வெளியிட்டவற்றில் ஒன்று 'ஆற்றுக்கு மேலே ஒரு சாலை' என்ற ஆவணப்படம். நாற்பத்தெட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பெரிய பாலம் கட்டியதைப் பற்றியது. கறுப்பு வெள்ளை, எழுபது நிமிடம். காட்சிகளுக்குச் சத்தம் கிடையாது. பின்னணியில் ஒரு கனத்த குரல் எத்தனை மூட்டை சிமெண்ட், எத்தனை டன் கம்பி என்று சொல்லிக்கொண்டே போகும். விற்பனை மந்தம். வந்த கருத்துகளில் பாதி, "தூக்கம் வராதவர்களுக்குப் பரிந்துரைக்கிறேன்" ரகம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அதற்குப் புதிதாக ஒரு கருத்து வந்திருந்தது.

"நான் பேருந்து ஓட்டுநர். ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் தலையில் கலவைச் சட்டியோடு வந்து, நம்மைப் பார்த்துச் சிரிக்கிறவர் என் அம்மா. எனக்கு நாலு வயதில் இறந்துபோனார். அவர் முகம் எனக்கு ஞாபகம் இல்லை. ஒரு போட்டோகூடக் கிடையாது. முப்பது தடவைக்கு மேல் பார்த்துவிட்டேன். நன்றி. நட்சத்திரம் எத்தனை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள்."

அவள் உடனே படத்தைப் போட்டு ஐம்பத்திரண்டாவது நிமிடத்துக்குப் போனாள். ஆறே விநாடி. சாரத்து ஓரமாக ஒரு இளம்பெண் வருகிறாள். கேமரா இருப்பதைக் கவனிக்கிறாள். முகமெல்லாம் சிரிப்பு. அவ்வளவுதான், காட்சி மாறிவிடுகிறது. கருத்துக்காரி அதை நாலு தடவை பார்த்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஐந்து நட்சத்திரம் போட்டு வெளியிட்டாள்.

மூன்று வாரம் கழித்து இன்னொன்று வந்தது.

"ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் வருபவர் என் அம்மா. போன வருடம்தான் காலமானார். நாற்பது வருடத்துக்கு மேல் பார்த்த முகம், எனக்குத் தெரியாதா? யாரோ ஒரு ஓட்டுநர் தன் அம்மா என்று எழுதியிருக்கிறார். அதை உடனே நீக்கவும். — ஒரு தையல்காரி."

நிறுத்திவைக்க இதில் வசவு எதுவும் இல்லை. வெளியிட்டாள். மறுநாளே ஓட்டுநர் பதில் எழுதினார்: "அம்மணி, தெரியாமல் பேசவேண்டாம். என் பெரியம்மா அதே பாலத்தில் கூட வேலை பார்த்தவர். அவரே கைகாட்டிச் சொன்னது." அதற்குத் தையல்காரி: "உங்கள் பெரியம்மாவுக்குக் கண்ணாடி மாற்றிக் கொடுங்கள்."

விஷயம் மேலாளர் காதுக்குப் போயிற்று. அவர் கையில் தேநீர்க் கோப்பையோடு வந்து அவள் மேசை ஓரத்தில் நின்றார்.

"ரெண்டையும் தூக்கிடும்மா. நாம படம் விக்கிறோம். சொந்தக்காரங்களைத் தேடிக் கொடுக்கிற வேலை நம்மளது இல்ல."

"தூக்கிடலாம் சார். ஆனா யாரு அம்மான்னு உங்களுக்குத் தெரிஞ்சுக்கத் தோணலையா?"

"தோணுது. அதனாலதான் தூக்கச் சொல்றேன். இன்னும் நாலு நாள் போனா நானும் வேலையை விட்டுட்டு இதையே படிச்சிட்டு உக்காந்திருப்பேன்."

"ஒரு வாரம் குடுங்க சார்."

அவர் தேநீரை ஒரு மடக்கு குடித்தார். "ஒரு வாரம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் நேராகக் கீழ்த்தளத்துக்கு இறங்கினாள். பழைய ஃபிலிம் சுருளைக் கணினிக்கு மாற்றுகிற ஸ்கேனர்க்காரர் அங்கே தனி ராஜ்யம் நடத்திக்கொண்டிருந்தார். பாலத்துப் படத்தைப் பற்றிக் கேட்டதும் பெருமூச்சு விட்டார்.

"பதினோரு டப்பா வந்துச்சு. எல்லாத்தையும் மாத்தினேன். படத்துல வந்தது எழுபது நிமிஷம். வெட்டிப் போட்டது மட்டும் மூணு மணி நேரத்துக்கு மேல இருக்கும். யாரும் கேக்கல. அப்படியே வச்சிருக்கேன்."

உடனே பார்த்துவிடலாம்தான். ஆனால் முதலில் செய்யவேண்டியது ஒன்று இருந்தது. மாடிக்கு வந்து இரண்டு பேருக்கும் தொலைபேசியில் பேசினாள். படத்தில் தெரியாத ஏதாவது ஒரு அடையாளம் சொல்ல முடியுமா என்று இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டாள்.

தையல்காரி யோசிக்கவே இல்லை. பின்னால் தையல் மிஷின் ஓடும் சத்தம் நின்றது. "இடது கை சுண்டுவிரல் மடங்காது. சின்ன வயசுல கதவிடுக்குல மாட்டினது. சாப்பிடும்போது, எழுதும்போது, எதுக்குன்னாலும் அந்த விரல் மட்டும் தனியா நீட்டிக்கிட்டு நிக்கும். படத்துல கை தெரியல. தெரிஞ்சிருந்தா அந்த ஆளு வாயைத் திறந்திருக்க மாட்டார்."

ஓட்டுநர் எங்கோ பணிமனையில் இருந்தார் போல. யாரோ பேருந்து எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு என்னங்க தெரியும், நாலு வயசு. பெரியம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்."

மறுநாள் அவரே அழைத்தார். "பெரியம்மா எதுவும் சொல்ல மாட்டேங்குது. கேட்டா, 'அதான் ஒரு தடவை சொன்னேன்ல'ன்னு எரிஞ்சு விழுது. வயசு எழுபத்தாறு. இப்படிப் பேசினதே கிடையாது."

அன்று மதியம் அவளும் ஸ்கேனர்க்காரரும் வெட்டிப்போட்ட காட்சிகளைப் பார்க்க உட்கார்ந்தார்கள். மூன்றாவது டப்பாவில் அந்தப் பெண் வந்தாள். சாரத்து ஓரம், கேமரா, சிரிப்பு. படத்தில் அறுந்துபோன இடத்தில் இது அறுபடவில்லை. சிரித்துக்கொண்டே இடது கையைத் தூக்கிப் புறங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொள்கிறாள். நாலு விரல் மடங்கியிருக்கிறது. சுண்டுவிரல் மட்டும் நேராக, யாருக்கோ வழி காட்டுவது மாதிரி நிற்கிறது.

"ஆச்சு" என்றார் ஸ்கேனர்க்காரர்.

தெரிந்துகொள்ளத் துடித்தது அவள். தெரிந்ததைப் போய்ச் சொல்லவேண்டியவளும் அவள்தான் என்பது அதுவரைக்கும் உறைக்கவே இல்லை. முப்பது தடவை பார்த்த மனிதரிடம் போனில் எப்படிச் சொல்வது? நேரில் வரச் சொன்னாள். பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு வருவதாக அவர் சொன்னார். தையல்காரி, "நான் இல்லாம எப்படி? அது எங்க அம்மா" என்று அவளும் புறப்பட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணி. கீழ்த்தளத்தில் படம் போட்டுப் பார்க்கிற அறையில் பன்னிரண்டு நாற்காலி. ஒன்றுக்குக் கை உடைந்திருந்தது. ஓட்டுநர் சீருடையிலேயே வந்திருந்தார். தோள் அகலமான மனிதர், ஆனால் கதவுக்குள் நுழையும்போது பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் வருகிற பிள்ளை மாதிரி நுழைந்தார். பெரியம்மா ஒல்லியாக, விறைப்பாக, யார் முகத்தையும் பார்க்காமல் வந்து கை உடைந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார். தையல்காரி எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது, கழற்ற மறந்திருப்பாள்.

கருத்துக்காரி விளக்கம் எதுவும் சொல்லவில்லை. தையல்காரி போனில் சொன்ன அடையாளத்தை மட்டும் ஓட்டுநரிடம் சொன்னாள். பிறகு காட்சியைப் போடச் சொன்னாள்.

பெண் வந்தாள். சிரித்தாள். கையைத் தூக்கினாள்.

தையல்காரியிடமிருந்து விசும்பல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெயித்த களை அவள் முகத்தில் துளியும் இல்லை. ஓட்டுநர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். காட்சி முடிந்து திரை கறுப்பான பிறகும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரியம்மா" என்றார் கடைசியில். "இவங்க அம்மாதான் போலிருக்கே."

"ஆமா" என்றார் பெரியம்மா.

"அப்ப நீ சொன்னது?"

"பொய்."

பெரியம்மா நாற்காலியின் உடைந்த கையைத் தடவிக்கொண்டே பேசினார்.

"டிவி கிட்ட போய் நின்னுக்கிட்டு, ஒவ்வொரு பொம்பளையா விரல் வச்சுக் காட்டி, இதுவா பெரியம்மா, இதுவா பெரியம்மான்னு கேட்டான். அம்பது வயசு ஆளு. ஒருத்தியும் இல்லடான்னு எப்படிச் சொல்றது? படம் வேற முடியப் போகுது. அப்பத்தான் இந்தப் பொண்ணு வந்தா. நல்லாச் சிரிச்சா. இவதான்டான்னு சொல்லிட்டேன்." தையல்காரியைத் திரும்பிப் பார்த்தார். "உங்க அம்மாவை எனக்கு நல்லாத் தெரியும் கண்ணு. அவ பேர்ல ஒரு பொய் சொன்னதுக்கு அவ கோவிச்சுக்க மாட்டா. நீ கோவிச்சுக்கோ, பரவாயில்ல."

தையல்காரிக்குக் கோபம் வரவில்லை. வேறு ஏதோ வந்தது. "எங்க அம்மா பாலத்துல வேலை பார்த்தாங்கன்னே எனக்குத் தெரியாதுங்க. சொன்னதே இல்ல. இந்த டிஸ்க்குகூட என் பையன் வேற ஏதோன்னு நினைச்சு வாங்கிட்டு வந்தது."

"சொல்ல மாட்டா. கல்யாணத்துக்கு முன்னால பார்த்த வேலை. உங்க அப்பா வீட்ல கௌரவம் பார்ப்பாங்க."

ஓட்டுநர் எழுந்தார். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். "அப்ப எங்க அம்மா படத்துலயே இல்ல. சரி. கிளம்பலாம் பெரியம்மா. ரெண்டு மணிக்கு எனக்கு வண்டி எடுக்கணும்."

கருத்துக்காரியால் சும்மா இருக்க முடியவில்லை. "இன்னும் மூணு மணி நேரத்துக்குக் காட்சி இருக்குங்க. யாரும் பார்க்காதது."

"இருந்தா என்ன? அவ கேமராவைக் கண்டாலே திரும்பிக்குவா" என்றார் பெரியம்மா. "ஆறு மாசம் எடுத்தாங்க. ஆறு மாசமும் முதுகைத்தான் காட்டினா. எங்களுக்கெல்லாம் ஒரே சிரிப்பு."

ஓட்டுநர் தொப்பியை மறுபடி நாற்காலியில் வைத்தார்.

பார்த்தார்கள். ஆற்று மணல், கம்பிக்கட்டு, வரிசை வரிசையாகத் தலைகள், சாப்பாட்டு நேரத்தில் நிழலில் படுத்துக் கிடக்கிற கால்கள். மேலாளர் எப்போது வந்தாரோ தெரியாது, கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஓட்டுநர் வெளியே போய், தன் வண்டியை வேறொருவர் எடுக்கும்படி போனில் சொல்லிவிட்டு வந்தார். ஏழாவது டப்பா ஓடும்போது பெரியம்மா, "நிறுத்து" என்றார்.

பலகைச் சரிவில் ஐந்தாறு பெண்கள் சட்டியோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். எல்லாருமே முதுகைக் காட்டித்தான் போனார்கள்.

"கடைசிக்கு முன்னால போறாளே, அவ."

கருத்துக்காரிக்குச் சுருக்கென்றது. ஒரு தடவை மனசு இரங்கிப் பொய் சொன்னவர், இன்னொரு தடவை சொல்ல மாட்டார் என்று என்ன நிச்சயம்? கேட்பது நல்லதில்லை என்று தெரிந்தும் கேட்டாள்.

"முதுகை வச்சு எப்படிம்மா சொல்றீங்க?"

பெரியம்மா கோபப்படவில்லை. "கையைப் பாரு. எல்லாரும் ரெண்டு கையாலயும் சட்டியைப் பிடிச்சிருக்காங்க. இல்ல ஒரு கையால பிடிச்சு மத்ததை வீசிட்டுப் போறாங்க. அவ இடது கை எங்க இருக்கு?"

முழங்கை மடங்கி, இடுப்பை ஒட்டி வளைந்து நின்றது. உள்ளங்கை மேலே பார்த்தபடி, எதையோ தாங்கிக்கொண்டிருக்கிற மாதிரி. ஆனால் அதில் ஒன்றும் இல்லை.

"இவன் இடுப்பை விட்டு இறங்க மாட்டான். ரெண்டு வயசு. மேஸ்திரி திட்டினப்புறம், கீழ உக்காந்து ஜல்லி உடைக்கிற என்கிட்ட விட்டுட்டு வேலைக்குப் போவா. ஆள் இறங்கினாலும் கை இறங்காது. அப்படியே நிக்கும். 'ஏன்டி, காத்தையா தூக்கிட்டுப் போறே'ன்னு கேலி பண்ணுவோம். திரும்பிப் பார்த்துட்டு கையைக் கீழ விடுவா. நாலு எட்டு வச்சா மறுபடியும் மேல வந்துடும்."

கருத்துக்காரி ஸ்கேனர்க்காரரைப் பார்த்தாள். அவர் ஏற்கெனவே பின்னோக்கி ஓட்டிக்கொண்டிருந்தார். அதற்கு முந்தைய டப்பாவில் ஒன்று, நாலாவதில் இரண்டு. அதே உருவம், அதே முதுகு. வளைந்த இடது கை. நூற்றுக்கணக்கான பெண்கள் நடந்த அந்தக் காட்சிகளில் வேறு ஒருத்திகூட அப்படிக் கையை வைத்திருக்கவில்லை. ஒரு இடத்தில் தலை திரும்பப் போகிற மாதிரி இருந்தது. அதற்குள் கேமரா வேறு பக்கம் போய்விட்டது.

"முகம் எங்கயுமே இல்லையா?" என்று கேட்டது மேலாளர்தான்.

இல்லை. கடைசி டப்பா வரைக்கும் பார்த்தார்கள். இல்லை.

ஓட்டுநர் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். வெளிச்சம் அவர் சட்டைமேல் விழுந்தது. "அந்தக் கையை இன்னொரு தடவை போடுங்க" என்றார். போட்டார்கள். "இன்னொரு தடவை." ஆறு தடவை பார்த்த பிறகு திரும்பினார். அழுதிருக்கவில்லை. ரொம்ப ஆச்சரியப்பட்ட ஒரு ஆள் மாதிரி இருந்தார்.

"நான் இதுல இருக்கேன்ல?" என்றார். "தெரிய மாட்டேன். ஆனா இருக்கேன்."

பெரியம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பின்ன? நீ என்கிட்ட உக்காந்து ஊரே கேக்கக் கத்திக்கிட்டு இருந்தே. நல்லவேளை, சத்தம் எடுக்கல" என்றார்.

மாடிப்படி ஏறும்போது ஓட்டுநர் தையல்காரிக்கு வழிவிட்டு நின்றார். "எழுதினதுக்கு மன்னிச்சுக்குங்க. மூணு மாசம் உங்க அம்மாவை எங்க அம்மான்னு நினைச்சுட்டேன்."

"நானும் கண்ணாடி மாத்துங்கன்னு எழுதியிருக்கக் கூடாது, அண்ணா."

"ஒண்ணு கேக்கலாமா? அவங்க சிரிச்சா எப்படி இருக்கும்? சத்தம் வருமா? பார்க்கும்போதெல்லாம் யோசிப்பேன்."

தையல்காரி படியில் நின்றாள். "சத்தமே வராது. தோள் மட்டும் குலுங்கும். ரொம்ப முத்திப்போச்சுன்னா விசில் மாதிரி ஒண்ணு வரும். அதைக் கேட்டு நாங்க சிரிப்போம். நாங்க சிரிக்கிறதைப் பார்த்து அவங்களுக்கு மறுபடியும் ஆரம்பிச்சுடும்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார், ரொம்ப நாள் கேட்க நினைத்த ஒன்று கிடைத்துவிட்ட மாதிரி.

வெட்டிப்போட்ட காட்சிகளில் முக்கால் மணி நேரத்தைத் தொகுத்து, படத்தோடு கூடுதலாகச் சேர்த்து இரண்டாவது பதிப்பு போட்டார்கள். மேலாளர் யோசனைதான், யோசனை தோன்றியதற்கு வியாபாரக் காரணங்கள் ஐந்து சொன்னார், யாரும் நம்பவில்லை. ஓட்டுநரும் தையல்காரியும் பழைய கருத்துகளைத் தாங்களே நீக்கினார்கள்.

புதிய பதிப்புக்கு வந்த முதல் கருத்து இது: "கூடுதல் காட்சிகள் என்று ஏமாற்றியிருக்கிறார்கள். யாரோ ஒரு பெண்ணின் முதுகு திரும்பத் திரும்ப வருகிறது. கதையும் இல்லை, பாட்டும் இல்லை. ஒரு நட்சத்திரம்."

கருத்துக்காரி அதை இரண்டு நாள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வசவு எதுவும் இல்லை. நிறுத்திவைக்க நியாயம் இல்லை. மூன்றாம் நாள் வெளியிட்டாள். அன்று மாலையே ஓட்டுநர் அழைத்தார். அவள் பயந்துகொண்டுதான் எடுத்தாள்.

"அந்த ஒரு நட்சத்திரத்தைப் படிச்சீங்களா?" அவர் சிரித்துக்கொண்டிருந்தார். "சரியாத்தானே சொல்லியிருக்கார்! அவருக்கு அது முதுகுதானே. என் பொண்ணுகூட அதையேதான் சொன்னா, 'முதுகுதான்பா தெரியுது'ன்னு. அப்புறம் உக்காந்து மூணு தடவை பார்த்தா." பிறகு குரலைத் தாழ்த்தினார். "மேடம், பெரியம்மா இப்ப நிறையப் பேசுது. இந்தப் பாலம் முடிஞ்சதும் இவங்க கூட்டமே ஒரு அணைக்கட்டு வேலைக்குப் போச்சாம். ஒரு வருஷம் இருந்தாங்களாம். அதை யாராவது படம் எடுத்திருப்பாங்களா?"

"தெரியலையேங்க" என்றாள் அவள். "அணை எந்த ஆத்துல? பெரியம்மா பக்கத்துல இருந்தா குடுங்களேன், நானே கேக்கிறேன்."